சம்பந்தி வீட்டுப் பாட்டனாரைத் தேடுவோருக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறி, அயர்லாந்து வழிவந்த குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்டிருக்கும் தமிழ்ப் பெருமக்களுக்கு,



உங்கள் பேரன் பேத்திகளுக்கு இரண்டு குலங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி நீங்கள் நிறையச் சொல்லுவீர்கள்: குலதெய்வம் இருக்கும் ஊர், பூர்விக வீடு இருந்த தெரு, முப்பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம், எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தோம் என்ற கணக்கு, எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். மற்றொரு குலத்தைப் பற்றிச் சம்பந்தி வீட்டாரைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்: எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்தார், உள்நாட்டு யுத்தத்தில் சண்டையிட்டார், பிறகு நிலம் பெற்று உழுதார் என்பதே அது. எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் படையில் இருந்தார், நிலம் எப்படிக் கிடைத்தது என்று மேலே கேட்டால், நாட்டின் பெயருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பார்கள். குழந்தைகளின் தந்தை வழியை மட்டும், அல்லது தாய் வழியை மட்டும், ஏழு தலைமுறை எழுதிவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவது அந்தக் குழந்தைகளுக்கு நாம் செய்யும் அநீதி என்று எனக்குத் தோன்றுவதால், அந்த ஒற்றை வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

உண்மையில் அந்த வாக்கியம் மிகவும் பெறுமதியுள்ளது. அயர்லாந்திலிருந்து வந்து பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ கூலி வேலை செய்து மாண்ட ஆயிரமாயிரம் பேரைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் அகப்படாமல் போவது உண்டு. ஆனால் ஒருவர் படைவீரராகவும் இருந்து, பின்னர் சர்க்கார் நிலம் பெற்ற உழவராகவும் ஆகியிருந்தால், அவர் தம் வாழ்நாளில் பலமுறை ஓர் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, தாம் இன்னார்தாம் என்பதைச் சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழையின் சரித்திரம் அவருக்காகச் சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலங்களில்தான் தங்கியிருக்கிறது. ஆகையால் பாட்டனாரைத் தேடுவதைக் காட்டிலும் அவருடைய சாட்சிகளைத் தேடுவது சுலபம். பாட்டனார் தாமே பின்னால் வந்து சேருவார். நான் சொல்ல வந்த யோசனையின் சாரம் இவ்வளவுதான்.

அவர் ஏன் புறப்பட்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு அறுவடை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அந்தக் கிழங்கு ஒன்றையே மூன்று வேளையும் உண்டு உயிர் வாழ்ந்த குடியானவர்கள் குத்தகை கொடுக்க வழியின்றி, நிலச்சுவான்தார்களின் ஆட்களால் குடிசைகளினின்றும் வெளியேற்றப்பட்டார்கள். 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த அத்தீவின் ஜனத்தொகை 1851-இல் 65 லட்சமாகச் சுருங்கிற்று. சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் பசியைத் தொடர்ந்த காய்ச்சலாலும் இறந்தார்கள்; அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பஞ்சம் நிலவிய காலத்திலேயே தானியமும் கால்நடையும் அத்தீவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன என்று கேட்கும்போது, தாது வருஷப் பஞ்சத்தின் கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

கப்பலினின்றும் இறங்கியவர்கள் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த அந்நாட்டிலே 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடபுலத்துப் படையில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் சேவித்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டுப்பற்றினால் சேர்ந்தவர்கள் உண்டு. அடிமைத்தனத்தை எதிர்த்துச் சேர்ந்தவர்கள் சிலர் உண்டு. இங்கே யுத்தப் பயிற்சி பெற்று நாளை இங்கிலாந்தின்மேல் திரும்பலாம் என்று எண்ணிச் சேர்ந்த, பீனியர்கள் எனப்பட்ட ஐரிஷ் விடுதலைச் சங்கத்தார் உண்டு. ஆனால் மாதம் பதின்மூன்று டாலர் சம்பளத்தையும், சேரும்போது கொடுக்கப்பட்ட ஊக்கப் பணத்தையும் நம்பிச் சேர்ந்தவர்கள்தாம் அதிகம் என்று நான் கருதுகிறேன், அதில் இழிவு ஒன்றும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சம்பந்தி வீட்டார், தங்கள் பாட்டனார் புகழ்பெற்ற ஐரிஷ் பிரிகேடில் இருந்தார் என்று சொல்லக்கூடும். வாட்டர்போர்டில் பிறந்த தாமஸ் பிரான்சிஸ் மீகர் தலைமை தாங்கி, 1862 டிசம்பர் 13-ஆம் தேதி பிரெடரிக்ஸ்பர்க்கில் மேட்டின் அடிவாரத்தில் இருந்த கற்சுவரை நோக்கி ஏறிச் சென்று பெரும்பகுதி அழிந்த அந்தப் படையின் புகழ், அதில் சேராத பல்லாயிரம் ஐரிஷ்காரர்களின் குடும்பக் கதைகளிலும் புகுந்துகொண்டிருக்கிறது. அந்த ஒன்றரை லட்சத்தில் மிகப் பெரும்பாலோர் இல்லினாய், விஸ்கான்சின், ஓஹையோ முதலிய மாநிலங்களின் சாதாரணக் காலாட்படைகளில் ஜெர்மானியர்களோடும் உள்ளூர்க்காரர்களோடும் கலந்து நின்றவர்கள். புகழ்பெற்ற படையின் பட்டியலில் பெயர் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், வேறு ஒருவரைப் பாட்டனாராக வரித்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் விஷயத்தில் இந்த எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பாட்ரிக், மைக்கேல், ஜான், ஜேம்ஸ், தாமஸ் என்ற ஐந்தாறு பெயர்களையே ஊர் முழுவதும் சூட்டிக்கொண்ட மக்கள் அவர்கள். மர்பி, கெல்லி, சல்லிவன் என்ற குடிப்பெயர்களோ ஊருக்கு ஐம்பது வீடுகளுக்கு இருந்தன. அன்னி மூர் என்ற பெண்ணின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, கார்க் நகரத்திலிருந்து தன் தம்பிமார் இருவரோடு வந்து முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவள் அவள். அவள் மேற்கே டெக்ஸாஸுக்குப் போய் மணம் புரிந்து, டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தாள் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்த டெக்ஸாஸ் பெண்ணின் சந்ததியார் விழாக்களுக்கும் அழைக்கப்பட்டார்கள். குடிவழி ஆராய்ச்சியாளரான மீகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபோது, டெக்ஸாஸில் இறந்தவள் இல்லினாயில் பிறந்த வேறொரு அன்னி மூர் என்பது தெரியவந்தது. உண்மையான அன்னி நியூயார்க்கை விட்டு எங்கும் போகாமல், ஒரு ஜெர்மானிய ரொட்டிக் கடைக்காரரின் மகனை மணந்து, பதினொரு பிள்ளைகளைப் பெற்று, 1924-இல் மறைந்தவள் என்பது 2006-இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. உலகமே அறிந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் இப்படியானால், ஊர் பேர் தெரியாத ஒரு மைக்கேல் கெல்லியின் விஷயத்தில் எத்தனை நிதானம் வேண்டும்!

ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும். இன்று உயிரோடிருப்பவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையையும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளால் கட்டிக்கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்குகளைப் பின்னோக்கிப் புரட்டிச் செல்லுங்கள். 1900-ஆம் ஆண்டுக் கணக்கு, ஒருவர் எந்த ஆண்டில் குடியேறினார் என்பதைக் கேட்கிறது. 1910-ஆம் ஆண்டுக் கணக்கு, அவர் உள்நாட்டு யுத்தத்தில் எந்தப் பக்கத்துப் படையில் இருந்தவர் என்பதைக் கேட்கிறது. 1850 முதல் 1880 வரையிலான கணக்குகளோடு விவசாய அட்டவணை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பாட்டனாரிடம் எத்தனை கறவை மாடுகள் இருந்தன, எத்தனை புஷல் கோதுமை விளைந்தது என்பதுகூட அதில் அகப்படும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் தேட வேண்டாம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வர்த்தக இலாகாக் கட்டடத்தில் மூண்ட தீ அதைப் பெரும்பாலும் பாழாக்கிவிட்டது.

இக்கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய குறை உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில், கணக்கெடுத்தவர் அயர்லாந்து என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அயர்லாந்திலோ 32 கவுண்டிகள், அவற்றுள் பங்குகள் என்னும் ஆயிரக்கணக்கான திருச்சபை வட்டாரங்கள், அவற்றுக்கும் உள்ளே 60,000-க்கு மேற்பட்ட டவுன்லாந்து என்னும் சிறு நிலப்பிரிவுகள். பங்கின் பெயராவது தெரியாமல் கடலைத் தாண்டுவது வீண் பிரயாசை. அந்தப் பெயரை அமெரிக்காவிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குச் சிறந்த புதையல் பென்ஷன் கட்டு.

1862 ஜூலை 14-ஆம் தேதியிட்ட சட்டத்தின்படி, யுத்தத்தில் ஊனமுற்ற வீரருக்கும், இறந்த வீரரின் விதவைக்கும், பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருந்த தாய்க்கும் சர்க்கார் பென்ஷன் கொடுக்க இசைந்தது. சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் எட்டு டாலர். 1890-இல் வந்த சட்டம், யுத்தத்தில் காயம்படாதவராயினும் பின்னால் உழைக்க இயலாமற்போன வீரருக்கும் கதவைத் திறந்துவிட்டது. பணம் கொடுக்கும் எந்தச் சர்க்காரும் சந்தேகப்படும் சர்க்கார் அல்லவா? விதவை, தான் முறையாக மணந்தவள் என்பதைக் காட்ட வேண்டும்; திருமணம் அயர்லாந்தில் நடந்திருந்தால், அந்த ஊர்ப் பங்குத் தந்தை பதிவேட்டைப் பார்த்து எழுதிய சான்று அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து கட்டில் சேரும்; பதிவேடு இல்லையென்றால், திருமணத்தில் உடனிருந்த தோழியைத் தேடிப் பிடித்துப் பிரமாண வாக்குமூலம் வாங்குவார்கள்; குழந்தையின் வயதுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி சாட்சி; வீரரின் முட்டிவலிக்கு அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்திருந்த தோழர் சாட்சி. 1898-இலும் 1915-இலும் பென்ஷன் இலாகா அச்சிட்ட கேள்வித்தாள்களை அனுப்பி, மனைவியின் கன்னிப்பெயர் என்ன, எங்கே எப்போது மணந்தீர், பிள்ளைகள் யார் யார் என்று கிழவர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டது. வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. விண்ணப்பம் எழுதினால் நகல் எடுத்துத் தருகிறார்கள்.

பென்ஷன் குமாஸ்தாவின் சந்தேகம் எழுப்பிய கேள்விகளே ஏழைகளின் சரித்திரமாக நிலைத்துவிட்டது விசித்திரந்தான். இந்தக் கட்டுகளைப் படிக்கும்போது மனம் கலங்கும் இடங்கள் பல உண்டு. அயர்லாந்தில் குடிசையில் இருக்கும் தாய், தன் மகன் மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தான் என்பதை நிரூபிப்பதற்காக, அவன் பாசறையிலிருந்து அனுப்பிய கடிதங்களை, வேறு ஞாபகப் பொருள் தன்னிடம் இல்லாத நிலையிலும், அப்படியே சர்க்காரிடம் ஒப்படைத்திருப்பாள். அந்தக் கடிதங்கள் திரும்பி அவளிடம் போகவில்லை, கட்டிலேயே இருக்கின்றன. உங்கள் சம்பந்தி வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் உரியதாக இருக்கலாம்.

சாட்சிகளால் எவ்வளவு செய்ய முடியும், எங்கே அவர்களுடைய சக்தி முடிந்துபோகிறது என்பதற்கு ஆல்பர்ட் கேஷியரின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரியாது. 1862 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்துப் பெல்விடியரில், 95-ஆம் இல்லினாய் காலாட்படையின் ஜி பிரிவில், கையெழுத்துப் போடத் தெரியாமல் குறியிட்டுச் சேர்ந்த குள்ளமான சிப்பாய் அவர். விக்ஸ்பர்க் முற்றுகை உட்பட ஏறக்குறைய நாற்பது சண்டைகளைக் கண்டு, 1865 ஆகஸ்டில் படை கலைக்கப்பட்டபோது விடுவிக்கப்பட்டார். பிறகு சானமின் என்ற சிற்றூரில் தங்கி, பண்ணை வேலை செய்தும், மாதா கோயிலைப் பெருக்கியும், தெருவிளக்கு ஏற்றியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1907-இல் பென்ஷனும் பெற்றார். 1911-இல் மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்து வைத்தியர் பார்க்கும்படி நேர்ந்தபோதுதான், ஆடவராகவே வாழ்ந்துவந்த அவர் உடலால் பெண் என்பது வெளிப்பட்டது. ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெயரில், அயர்லாந்தின் லவுத் கவுண்டியிலுள்ள கிளோகர்ஹெட் என்ற கடற்கரை ஊரில், 1843-இல் பிறந்தவர் என்று கருதப்படுகிறது.

செய்தி பரவியதும் பென்ஷன் இலாகா, இவர் ஏமாற்றுக்காரரோ என்று சந்தேகித்து விசாரணை தொடங்கிற்று. அப்போது 95-ஆம் படையின் கிழத்தோழர்கள் வந்து, எங்களோடு நடந்தவர் இவர்தாம், எங்களோடு சுட்டவர் இவர்தாம் என்று சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொல்லால் பென்ஷன் நின்றுபோகாமல் காப்பாற்றப்பட்டது. 1915 அக்டோபரில் இறந்தபோது, படையுடை அணிவித்து, ராணுவ மரியாதையோடு, ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயராலேயே அடக்கம் செய்தார்கள். இனிமேல்தான் நமக்குப் பாடம். அவர் விட்டுச் சென்ற சிறு சொத்துக்கு வாரிசு யார் என்று கண்டுபிடிக்க, அதை நிர்வகித்த சிங்கிள்டன் என்பவர் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் முயன்றார். கேஷியர் தம் பிறப்பைப் பற்றி வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு கதைகள் சொல்லியிருந்தமையால், உறவினர் என்று வந்த ஒருவருடைய உரிமையையும் ஸ்தாபிக்க முடியவில்லை; முடிவில் சுமார் 280 டாலர் கவுண்டிப் பொக்கிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படைத்தோழர்கள் அவருடைய மூன்று ஆண்டுகளுக்குச் சாட்சி. சானமின் ஊரார் நாற்பது ஆண்டுகளுக்குச் சாட்சி. கிளோகர்ஹெட்டில் கழிந்த பிள்ளைப் பிராயத்துக்கோ அவரோடு கப்பலில் வந்த ஒருவரும் சாட்சி இல்லை. உங்கள் தேடல் அறுந்துபோகும் இடமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தனியாகப் பிரயாணம் செய்தவரைக் காட்டிலும் அண்ணன் தம்பியோடும் அயல்வீட்டாரோடும் கூடி வந்தவரைக் கண்டுபிடிப்பது மிக எளிது.

இனி நிலத்துக்கு வருவோம். அமெரிக்காவுக்கு வந்த ஐரிஷ்காரர்களிற் பெரும்பாலோர் மண்ணை வெறுத்தவர்கள்போல நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். கலப்பை பிடித்தவர்கள் சிறுபான்மையே. மேற்கே போய் உழுதவர் பலருடைய நிலம், லிங்கன் 1862 மே 20-ஆம் தேதி கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தால் கிடைத்தது. நூற்றறுபது ஏக்கர் தரிசைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் வீடு கட்டி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு, சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தமாகும். 1872-இல் வந்த சட்டம், படையில் சேவித்த காலத்தை அந்த ஐந்து ஆண்டிலிருந்து கழித்துக்கொள்ள வீரர்களுக்குச் சலுகை கொடுத்தது. கெடு முடிந்தபின், இரண்டு அயலாரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், வீடு எவ்வளவு நீளம் அகலம், எத்தனை கதவு ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதாயிற்று, கிணறு உண்டா, தொழுவம் உண்டா, மனைவி மக்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்நிய நாட்டில் பிறந்தவரானால், பிரஜையான பத்திரத்தின் நகலையும் சேர்க்க வேண்டும். 1862 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டம், கௌரவமாக விடுவிக்கப்பட்ட வீரர் ஓர் ஆண்டு வாசத்தை மட்டும் காட்டிப் பிரஜையாகலாம் என்று வழி செய்திருந்தபடியால், அந்த நகலிலேயே படையைப் பற்றிய குறிப்பும் இருக்கக் காணலாம்.

இந்த நிலக்கட்டில் சாட்சியாகக் கையெழுத்திட்ட இரண்டு அயலார் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் மைத்துனராகவோ, ஒரே படையில் இருந்தவராகவோ, ஒரே பங்கிலிருந்து கப்பலேறியவராகவோ இருப்பார்கள். கூட்டமாகக் குடியேறுவது அம்மக்களின் இயல்பு. மொனகன் கவுண்டியில் பிறந்து, வடபுலத்துப் படையில் சேவித்து, 1866-இல் பீனியர்களைக் கூட்டிக்கொண்டு கனடாவின்மேல் படையெடுத்துச் சென்ற ஜான் ஓ’நீல் என்பவர்தாம், பிறகு அந்த வீராவேசத்தை விட்டுவிட்டு, 1874-இல் ஐரிஷ் குடும்பங்களை நெப்ராஸ்காவின் புல்வெளிக்கு அழைத்துச் சென்று குடியேற்றினார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் விளங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளில் மினசோட்டாவில் பின்னாளில் பேராயரான ஜான் அயர்லாந்து என்ற கத்தோலிக்க ஆயர், கிளான்டார்ப் முதலிய ஊர்களை ஐரிஷ் உழவர்களுக்காக அமைத்தார். உங்கள் சம்பந்தியின் பாட்டனாருடைய பிறந்த ஊர் எந்தக் காகிதத்திலும் இல்லாவிட்டாலும், அயல்நிலத்துக்காரரின் கல்லறையில் அவருடைய பங்கின் பெயர் பொறித்திருந்தால், பாட்டனாரும் அங்கே பிறந்தவராக இருக்கலாம் என்று ஊகித்துத் தேடலாம்.

நிலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தரிசு என்று சர்க்கார் வரைபடத்தில் குறித்த அந்தப் பூமி, டக்கோட்டா, பானி, ஓமஹா முதலிய பழங்குடி மக்களிடமிருந்து உடன்படிக்கையாலும் ஆயுதத்தாலும் பறிக்கப்பட்டது. குடிசையினின்றும் விரட்டப்பட்டவர், விரட்டப்பட்ட மற்றொருவரின் வேட்டை நிலத்தில் கோதுமை விதைத்தார். குடும்பச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பாட்டனாரின் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை ஒரு வரியில்கூடக் குறிக்காமற்போவது எனக்கு உடன்பாடல்ல.

படைக் கட்டும் நிலக் கட்டும் ஊரைக் காட்டாவிட்டால் மேலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். பாஸ்டன் நகரத்துப் பைலட் என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டு வந்தது. இன்ன கவுண்டி, இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார், இன்ன ஆண்டில் கப்பலேறியவர், கடைசியாக ரயில்பாதை வேலையில் இருந்ததாகக் கேள்வி, அவரைப் பற்றித் தங்கைக்குத் தெரிவிக்கவும் என்ற மாதிரியில் பல்லாயிரம் விளம்பரங்கள். அவற்றைத் தொகுத்து நூல்களாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். மற்றொன்று, 1850-இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரன்ட் சேவிங்ஸ் பாங்க். பணம் எடுக்க வருகிறவர் கணக்குக்கு உரியவர்தாமா என்று சோதிப்பதற்காக, அவருடைய பிறந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களை எழுதி வைத்திருந்தது. இங்கும் சந்தேகந்தான் நமக்கு உபகாரம் செய்திருக்கிறது.

ஊர்ப் பெயர் கிடைத்த பின்பு அயர்லாந்துக்குப் போகலாம். போகும்போதே ஒரு துக்கச் செய்தியையும் தெரிந்துகொண்டு போங்கள். 1922 ஜூன் 30-ஆம் தேதி, அந்நாட்டின் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாட்களில், டப்ளின் நகரத்து நான்கு நீதிமன்றக் கட்டடத்தை அடுத்திருந்த பொது ஆவணச் சாலை வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த ஜனத்தொகைக் கணக்குகள் சில துண்டுகள் நீங்கலாக அழிந்தன. அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அழிந்தன. பல நூற்றாண்டு உயில்கள் சாம்பலாயின. 1861, 1871-ஆம் ஆண்டுக் கணக்குகளைச் சர்க்காரே முன்னமே ஒழித்துவிட்டது. 1881, 1891-ஆம் ஆண்டுக் கணக்குகளை முதல் உலக யுத்தத்தின்போது காகிதப் பஞ்சத்துக்காகக் கூழாக்கிவிட்டார்கள். நெருப்பைக்கூட மன்னிக்கலாம், இந்தக் கூழை மன்னிப்பது கடினம். எரிந்தவற்றின் நகல்களையும் சுருக்கங்களையும் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்து திரட்டி, 2022-இல் இணையத்தில் ஒரு மெய்ந்நிகர் ஆவணச் சாலையை அயர்லாந்து அறிஞர்கள் திறந்திருக்கிறார்கள்.

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படாமல் ஊர்க்கோயில்களிலேயே இருந்தமையால் தப்பின. தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து, 2015 முதல் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாயின் கன்னிப்பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் பெயர்கள் இருக்கும். அந்த ஞானப் பெற்றோர்தாம் பாட்டனாரின் வாழ்க்கையில் முதல் சாட்சிகள். பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோ அவர்கள். நெப்ராஸ்காவில் நிலத்துக்குச் சாட்சி சொன்னவரின் குடிப்பெயரும், இங்கே ஞானத்தந்தையாக நின்றவரின் குடிப்பெயரும் ஒத்துவந்தால், சரியான மைக்கேல் கெல்லியைத்தான் பிடித்திருக்கிறோம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடும் வழக்கம் அவர்களிடம் பரவலாக இருந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம்மவர்க்கு இந்தக் குறிப்பைப் பயன்படுத்தச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊரிலேயே தங்கித் தப்பிய பதிவேடுகளின் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமாவின் தாய்வழி மூதாதை பால்மத் கியர்னி என்பவர், 1850-இல் தம் பத்தொன்பதாம் வயதில் ஆபலி கவுண்டியின் மணிகால் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, ஓஹையோ வழியாக இண்டியானாவில் உழவராக வாழ்ந்து மறைந்தவர்; படையில் சேர்ந்தவர் அல்லர். அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த அக்குடும்பத்தை, அழியாமல் உள்ளூரிலேயே எஞ்சியிருந்த பதிவேடுகளில் ஸ்டீபன் நீல் என்ற குருவானவர் தேடிக் கண்டுபிடித்தார். 2011 மே மாதத்தில் ஜனாதிபதியே அச்சிற்றூருக்குப் போய்வந்தார்.

நிலத்தைப் பற்றி அயர்லாந்தில் இரண்டு பெரிய பட்டியல்கள் உண்டு. 1823 முதல் 1830-களின் இறுதி வரை எழுதப்பட்ட திருச்சபை வரிக் கணக்கு ஒன்று. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிபித் என்பவரின் மேற்பார்வையில் தீவு முழுவதும் நடந்த நில மதிப்பீடு மற்றொன்று. பாட்டனார் 1847-இல் கப்பலேறியிருக்க, அவர் கவுண்டி 1853-இல் மதிப்பிடப்பட்டிருந்தால் அதில் அவர் பெயரைக் காண முடியாது. ஆனால் பின்தங்கிய தமையனின் பெயர் அதே டவுன்லாந்தில் இருக்கக்கூடும். அதற்குப் பிற்பட்ட திருத்தப் புத்தகங்களில், நிலம் கைமாறிய ஆண்டுகளை வெவ்வேறு நிற மைகளால் அடித்து எழுதியிருப்பதைப் பின்பற்றிப் போனால், அந்தக் காணியில் இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்த தாயாதிகளைக் கண்டுகொள்ளலாம்.

அமெரிக்காவுக்கு வருமுன்பே பாட்டனார் பிரிட்டிஷ் படையில் இருந்திருக்கவும் இடமுண்டு. 1830-ஆம் ஆண்டளவில் அப்படையில் ஐந்தில் இருவர் ஐரிஷ்காரர். அவர்களுடைய விடுவிப்புப் பத்திரங்கள் லண்டனில் கியூ காப்பகத்தில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படையிலும் அவர்கள் ஏராளம். அதன் வழிவந்த மதராஸ் பியூசிலியர் படைதான் 1881-இல் டப்ளின் பியூசிலியர்களின் முதற்பிரிவாயிற்று. அக்காலத்துச் சென்னை மாதா கோயில்களின் திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சம்பந்தி வீட்டுப் பாட்டனார் பரங்கிமலையில் பாராக் கொடுத்தவர் என்று தெரியவந்தால், அந்தத் தகவலை எனக்கும் எழுதுங்கள்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் குடிப்பெயரைச் சொன்னால் குலச்சின்னம் என்று வண்ணக் கேடயம் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், அதை வாங்காதீர்கள். குலச்சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியதே தவிர, அந்தப் பெயருடைய எல்லோருக்கும் உரியதல்ல. எச்சிலைச் சோதித்து உறவு காட்டும் நிறுவனங்களின் முடிவுகள், காகிதங்களோடு சேர்ந்தால் பயன்படும். தனியே அவை ஓர் ஊரையும் காட்டா. யாரோ வரைந்து வைத்த வம்சாவளி மரத்தைப் படியெடுத்துக்கொண்டு முடித்துவிடுவது எல்லாவற்றிலும் கெட்ட வழி. அன்னி மூரை டெக்ஸாஸுக்கு அனுப்பியதும் இப்படி ஆராயாமல் ஏற்றுக்கொண்டதுதான்.

இவ்வளவு வேலைக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. காப்பகங்கள் காத்திருக்கும், மனிதர்கள் காத்திரார். சம்பந்தி வீட்டில் மிக மூத்தவர் யாரோ, அவருடைய சகோதரியோ, பெரியம்மாளோ, முதியோர் இல்லத்தில் இருக்கும் அத்தையோ, அவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரக் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். பாட்டனாரின் கதையைக் கேட்பதற்கு முன், அவர் வீட்டுக்கு அடுத்த பண்ணை யாருடையது, அவர் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் யார், அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் யார் யார் என்று கேட்டு, சொல்லும் பெயர்களை ஒன்றுவிடாமல், சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, எழுதி வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் நண்பன்